ஒக்ரோபர் மாத அறிக்கை

மூன்றரைக்குக் கதவு திறக்க வேண்டும்.
குருநகர்க் காற்றில் உப்பு; பூட்டுக்குள்
ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால்தான்
திறப்பு உள்ளே போகும்.
அதற்குள் தொடர்மாடி நிழலில் ஆறேழு சைக்கிள்.
"மிஸ், கெதியா."

கரம் போட் ஒன்று. சிவப்புக் காய் துலைந்துபோய்
சோடாப் போத்தல் மூடி ஒன்று ராணியாக இருக்கிறது.
கணினி நான்கு. வேலை செய்வது ஒன்றரை.
அந்த அரையில் எல்லா எழுத்தும் வரும்,
'ம' மட்டும் வராது.
அதுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டு
பிறிஸ்கா மழையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள்.
தலைப்பே போட முடியாத கட்டுரை.
தூறல் என்று தொடங்கினாள். கூரை என்றாள்.
ஈரம் என்று வந்த இடத்தில்
மூன்று நாளாக நிற்கிறாள்.

ரியூசனுக்கு எனச் சொல்லி இங்கே வருபவர்களும் உண்டு.
அதை நான் எழுதுவதில்லை.

றெக்சன் வைகாசியில் வந்தான்.
பதிவேட்டில் பெயர், வயது பதினாறு, வந்த நேரம்.
"என்ன விளையாடப் போறாய்?"
"ஒண்டுமில்லை."
புத்தக அலுமாரிக்குப் பின்னால்
யாரோ அன்பளிப்பாகத் தந்த மெத்தை,
ஒருவரும் குட்டிக்கரணம் அடித்துப் பாராதது.
அதில் போய்ப் படுத்தான்.
சப்பாத்தைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தான்:
களவு போகும் என்ற பயத்தில் அல்ல,
எழும்பி ஓட வேண்டி வந்தால்
கைக்கு எட்ட வேண்டும்.

மூன்றாம் மாடி. ஓர் அறை. ஏழு பேர்.
தகப்பன் கடலுக்குப் போகாத இரவுகளில்
அந்த வீட்டில் யாரும் கண் மூடுவதில்லை.
அவன் சொல்லவில்லை.
கீழ்வீட்டு நிதுசன் சொன்னான்,
காய்க்குக் குறி பார்த்தபடி, தலை நிமிராமல்.

அன்றிலிருந்து கரம் போட்டில் பவுடர் கூடிற்று.
காய் சத்தமில்லாமல் போக வேண்டுமாம்.
யார் சொல்லி என்று தெரியாது,
நான் இல்லை.

சந்தியில் மோட்டார் சைக்கிளில் நிற்பவர்கள்
ஆனியில் மூன்று பின்னேரம் அவனைத் தேடி வந்தார்கள்.
"இஞ்ச இல்லை" என்றேன்.
திறந்த பதிவேட்டில், என் உள்ளங்கைக்குக் கீழே
அவன் பெயர் வியர்த்துக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து படிவம் வரும்.
நடவடிக்கை. பங்குபற்றியோர். ஆண். பெண். அடைவு.
ஒருமுறை 'நித்திரை' என்று எழுதினேன்.
தொலைபேசி எடுத்தார்கள்:
எழுத்துப் பிழையா, மிஸ்?
'உளநல ஓய்வு' என்று திருத்தி அனுப்பினேன்.
உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

அடைவை எதால் அளந்தீர்கள் என்று
இம்முறை ஒரு கட்டம் புதிதாக இருக்கிறது.
எதால் அளந்தேன்?
ஆடியில் சப்பாத்து தலைமாட்டிலிருந்து
கால்மாட்டுக்குப் போயிற்று.
ஆவணியில் அலுமாரிக்கு இந்தப் பக்கம் வந்தது.
ஒரு சோடி. ஒன்று கவிழ்ந்தபடி.
போன கிழமை கதவடியில் கிடந்தது,
மற்ற எல்லோருடைய சப்பாத்துகளுக்குள்ளும்.
போகும்போது எது தன்னுடையது என்று
கொஞ்ச நேரம் தேடினான்.
அடிக்கோலால் அளக்கலாம்தான்.

இன்று நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு கொட்டியது.
வடக்கு யன்னல் அடித்து அடித்துத் திறந்தது.
பிறிஸ்கா விரலை விசைகளுக்கு மேல் பிடித்தபடி
யாரையும் பாராமல் கேட்டாள்:
"ஈரத்துக்கு வேற என்ன சொல்?"
ஒருவரும் பேசவில்லை. ராணியை யாரோ தவறவிட்டார்கள்.

அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்,
தொண்டை முழுக்க நித்திரையோடு:
"நனைஞ்ச எண்டு போடு."

பிறகு மூச்சு மட்டும்.
விழித்துச் சொன்னானோ, கனவில் சொன்னானோ.

பிறிஸ்கா அடித்தாள். எல்லா எழுத்தும் வந்தது.
நான் படிவத்தை மடித்து
யன்னல் ஆடாமலிருக்க இடுக்கில் செருகினேன்.
ஆறரை மட்டும் இருக்கட்டும்.